ஐந்தாம் பாகத்துக் கோபம்

சிறுவர்களுக்காகத் தொடங்கப்படும் மிகுபுனைவுத் தொடர்கள் பலவற்றில், பாகங்கள் வளர வளரக் கதை இருண்டுகொண்டே போவதையும், அதுவரை துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்த நாயகன் எல்லோரிடமும் எரிந்து விழத் தொடங்குவதையும் வாசகர்கள் அறிவார்கள். ஹாரி பாட்டர் தொடரின் ஐந்தாம் பாகம் 2003 ஜூன் மாதத்தில் வெளிவந்தபோது, அதை ஆவலோடு காத்திருந்து வாங்கியவர்களிலேயே பலர், இந்தப் பையன் ஏன் இப்படி ஆகிவிட்டான் என்று சலித்துக்கொண்டார்கள். அதே சலிப்பை இன்றும் பெற்றோரிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதின்பருவத்தினருக்கான வாசிப்பு வட்டம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என் மகளுடன் அமர்ந்து அந்தத் தொடர் முழுவதையும் வாய்விட்டுப் படித்தும் இருக்கிறேன். இந்த இரண்டு அனுபவங்களும் எனக்கு உறுதிப்படுத்திய ஒன்று உண்டு. அந்தக் கோபத்துக்கான காரணம் கதைக்குள்ளேயே பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது; பெரியவர்களாகிய நாம் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் காரணத்தைப் படிக்காமல் கடந்துபோய்விடுகிறோம். நாயகனிடம் அப்படிக் கடந்துபோகிறவர்கள், வீட்டில் அதே வயதில் இருக்கும் பிள்ளையிடமும் அப்படியே கடந்துபோவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

கதையில் நடப்பதை முதலில் வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. நான்காம் பாகத்தின் இறுதியில், ஒரு கல்லறைத் தோட்டத்தில், தன்னோடு படித்த செட்ரிக் என்ற மாணவன் ஒரே கணத்தில் கொல்லப்படுவதைப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கண்ணெதிரே பார்க்கிறான். செட்ரிக்கின் உடலை அவனே சுமந்துகொண்டு திரும்பி வருகிறான். அடுத்த சில நாட்களில் அவனைத் துளியும் விரும்பாத பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஐந்தாம் பாகம் தொடங்கும்போது, தொலைக்காட்சிச் செய்தி காதில் விழுமா என்று அவன் ஜன்னலுக்குக் கீழே பூச்செடிகளுக்கு நடுவில் ஒளிந்து படுத்துக்கிடக்கிறான். நண்பர்களின் கடிதங்களில் விஷயம் ஏதும் இல்லை; எதையும் எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியரே அவர்களிடம் சொல்லியிருக்கிறார். மந்திர உலகின் நாளிதழோ அவனைப் பொய்யன் என்றும் விளம்பரப் பிரியன் என்றும் கேலி செய்துகொண்டிருக்கிறது. அவன் மேல் உயிருக்கு ஆபத்தான தாக்குதல் ஒன்று நடக்கிறது. தற்காத்துக்கொண்டதற்காக அவனையே விசாரணைக்கு இழுக்கிறார்கள். விசாரணையில் அவனைக் காப்பாற்ற வரும் தலைமையாசிரியர், அவன் முகத்தை ஒரு தடவை கூட ஏறெடுத்துப் பார்க்காமல் போய்விடுகிறார்.

இவ்வளவும் நடந்த ஒருவன் கத்தாமல் இருந்தால்தான் அந்தக் கதையை நான் நம்பியிருக்க மாட்டேன்.

வாசிப்பு வட்டத்தில் ஐந்தாம் பாகத்தை எடுக்கும்போது, முதல் சில அத்தியாயங்களை முடித்ததும், கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு பக்கம் அவனுக்குத் தெரிந்தவை. மறுபக்கம் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தும் அவனுக்குச் சொல்லப்படாதவை. பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டே போவார். இரண்டாவது பக்கம் பலகையின் அடிவரை நிறைந்து, எழுத்து பொடிப்பொடியாகிவிடும். முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாகவே கிடக்கும். அதுவரை அவனை எரிச்சலூட்டும் பாத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பலகையைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள். கதாபாத்திரத்தின் குணத்தை விட்டுவிட்டு அவனுக்குக் கிடைத்த தகவலைக் கணக்கெடுக்கும் இந்தப் பயிற்சியை வீட்டில் ஒரு தாளிலும் செய்யலாம். இதைவிடப் பயன் தந்த வேறொரு பயிற்சியை நான் இதுவரை கண்டதில்லை.

எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பெண் பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "காரணமெல்லாம் சரிதான் அக்கா, ஆனா ரான், ஹெர்மயனி மேல ஏன் கத்தணும்? அவங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தகவலை மறைத்தவர் தலைமையாசிரியர். திட்டு வாங்கியவர்கள் நண்பர்கள். அன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போனது. கோபம் அதை உண்டாக்கியவரிடம் போய்ச் சேராமல், தாங்கிக்கொள்ளக்கூடியவரிடம் போய்ச் சேருகிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் வீட்டு உதாரணங்களோடு தாங்களாகவே சொன்னார்கள். பள்ளியில் வாங்கிய அவமானத்தைத் தம்பியிடம் காட்டுவது, நண்பனிடம் ஏற்பட்ட மனத்தாங்கலைச் சாப்பாட்டுத் தட்டின் மேல் காட்டுவது என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்தப் பெண் கடைசிவரை ஹாரியை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. காரணம் புரிவது வேறு, செயலை ஒப்புக்கொள்வது வேறு என்பதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

அந்தக் கத்தல் காட்சி ஆங்கிலப் பதிப்பில் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும். வட்டத்தில் யார் படித்தாலும் அந்த இடத்தில் குரலை உயர்த்தி நடித்துக் காட்டுவது வழக்கம், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை அதிகம் பேசாத பையன் ஒருவன் தானே படிக்கிறேன் என்று புத்தகத்தை வாங்கினான். பெரிய எழுத்தில் இருந்த வரிகளை அவன் மிகவும் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய தாத்தா இறந்த செய்தியைத் தேர்வு முடியும்வரை அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பது பின்பு அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளையின் மனம் கலங்கிவிடக் கூடாது என்ற அக்கறையில் செய்த காரியம் அது; தலைமையாசிரியர் டம்பிள்டோரும் அதே அக்கறையில்தான் ஆண்டு முழுவதும் மௌனம் காத்தார். புத்தகத்தின் இறுதியில் அவர் அந்தப் பையனை எதிரே உட்காரவைத்து, சொல்லாமல் விட்டது தம் தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். பையன் அதற்குள் அவருடைய அறையில் இருந்த பொருள்களை எல்லாம் உடைத்துத் தள்ளியிருக்கிறான், அவர் தடுக்கவில்லை. பெற்றோர் இந்தத் தொடரில் ஒரே ஓர் அத்தியாயத்தைத்தான் படிக்க நேரம் ஒதுக்க முடியும் என்றால், முப்பத்தேழாம் அத்தியாயத்தைப் படியுங்கள் என்று சொல்வேன். பதின்பருவப் பிள்ளையிடம் ஒரு பெரியவர் எப்படி மன்னிப்புக் கேட்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பாடம் சிறார் இலக்கியத்தில் குறைவு.

இனி, வயதையும் வேகத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரோடு வளர்ந்த முதல் தலைமுறை வாசகர்களுக்கு முதல் பாகம் 1997-இல் கிடைத்தது. ஏழாம் பாகம் 2007-இல் கிடைத்தது. பத்து வயதில் முதல் புத்தகத்தைத் திறந்த ஒரு பிள்ளை கடைசிப் புத்தகத்தை மூடும்போது இருபது வயதை எட்டியிருக்கும். குறிப்பாக, செட்ரிக் இறந்த நான்காம் பாகத்துக்கும் கோபம் வெடிக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் இடையே, 2000 ஜூலையிலிருந்து 2003 ஜூன் வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் வாசகரும் வளர்ந்தார். இன்று ஏழு பாகங்களும் ஒரே பெட்டியில் வந்து இறங்குகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளை சில மாதங்களில் அத்தனையையும் முடித்துவிட முடியும். முதல் பாகத்தின் பிரிட்டிஷ் பதிப்பு 223 பக்கங்கள். ஐந்தாம் பாகம் 766 பக்கங்கள். ஆசிரியர் ரௌலிங் ஆண்டுக்கணக்கில் கனமேற்றிக்கொண்டே போன கதையை, அந்த ஆண்டுகள் இல்லாமல் ஒரு குழந்தை தூக்க வேண்டியிருக்கிறது.

இதற்காகப் புத்தகத்தைப் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூட்டிய புத்தகத்தைப் பிள்ளைகள் நண்பர்களிடமிருந்து வாங்கித் தனியே படிப்பார்கள். அப்போது உடனிருந்து பேச யாரும் இருக்க மாட்டார்கள். நாங்கள் வீட்டில் செய்தது இடைவெளியை நாமே உண்டாக்குவது. முதல் மூன்று பாகங்களை மகள் தன் விருப்பப்படி வேகமாகப் படித்தாள். நான்காம் பாகத்திலிருந்து ஒவ்வொன்றையும் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பது என்று முடிவு செய்துகொண்டோம். வாய்விட்டுப் படித்தால் வேகம் தானாகக் குறையும். ஓர் இரவில் ஓர் அத்தியாயத்துக்கு மேல் போக முடியாது. முகம் வாடுவதும் தெரியும். ஒவ்வொரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேறு புத்தகங்கள் வந்தன. நான்காம் பாகத்துக்குப் பிறகான இடைவெளி மட்டும் ஓராண்டுக்கு மேல் நீண்டது. அந்த ஓராண்டில் அவள் என்னிடமே முன்பைவிட அதிகம் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தாள். அதனால் ஐந்தாம் பாகத்தின் நாயகனை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

சிரியஸ் இறக்கும் பக்கத்தை நாங்கள் படித்த இரவைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். ஹாரிக்கு அப்பா மாதிரி என்று சொல்லத்தக்க ஒரே மனிதர் அவர். அவருடைய மரணம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. சண்டைக்கு நடுவே ஒரு மந்திரம் மார்பில் படுகிறது. வளைவொன்றில் தொங்கும் கிழிந்த திரைக்குப் பின்னால் அவர் சாய்ந்து விழுகிறார். மறுபக்கத்தில் வெளியே வரவில்லை. இரத்தமில்லை, கடைசிப் பேச்சில்லை, உடலும் இல்லை. மகள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, முந்தைய பக்கத்தைத் திருப்பி, விரலை வரியின் கீழ் ஓட்டி மறுபடி படித்தாள். "அம்மா, விழுந்தார்னுதானே போட்டிருக்கு? செத்துட்டார்னு எங்கே இருக்கு?" என்றாள். ஹாரியும் அதே இடத்தில் அதையேதான் செய்கிறான். அவர் திரும்பி வருவார் என்று திரையை நோக்கி ஓடப் பார்க்கிறான், ஒருவர் அவனைப் பிடித்து நிறுத்துகிறார். அடுத்த அத்தியாயத்தில் விளக்கம் வரும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. மரணத்தை நம்ப மறுப்பதற்கு ஒரு பிள்ளைக்கு வேண்டிய அவகாசத்தை அடுத்த அத்தியாயத்தைக் கொண்டு சுருக்கிவிடக் கூடாது என்று நினைத்தேன். சில நாட்கள் அந்தப் புத்தகம் மேசையில் மூடியபடியே இருந்தது. பிறகு அவளே எடுத்து வந்தாள்.

அதிலிருந்து நான் பழகிக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு: கனமான அத்தியாயத்தை முடித்த இரவில் கேள்வி எதுவும் கேட்பதில்லை. அடுத்த நாள் வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது, துணி மடிக்கும்போதோ நடந்து போகும்போதோ, பிள்ளையே பேச்சை எடுப்பதற்கு வாய்ப்பு அதிகம். நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து, உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்ற பதில்தான் வரும். அவன் ஏன் அந்த நேரத்தில் யாரிடமும் சொல்லவில்லை என்று பாத்திரத்தைப் பற்றிக் கேட்டால், பிள்ளை தன்னைப் பற்றியும் சேர்த்தே பதில் சொல்லும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் உனக்கும் இப்படி நடக்கிறதா என்று உடனே பாய்ந்துவிடாமல் இருக்க வேண்டும். இது எளிதில் கைவராது, பழகத்தான் வேண்டும்.

இந்த முறை எனக்கு மிகவும் உதவியது அம்ப்ரிட்ஜின் தண்டனைக் காட்சியில்தான். அந்த ஆசிரியை, பொய் சொல்லக் கூடாது என்ற வாக்கியத்தை ஹாரியிடம் மீண்டும் மீண்டும் எழுதச் சொல்கிறார். மை தரப்படுவதில்லை. அவன் எழுத எழுத, அந்த எழுத்துகள் அவனுடைய புறங்கையில் கீறலாக விழுகின்றன. தாளில் இருப்பது அவனுடைய இரத்தம். தொடரில் எத்தனையோ அரக்கர்களும் பேய்களும் வந்தபோதும், வட்டத்துப் பிள்ளைகள் அதிகம் அருவருத்ததும் ஆத்திரப்பட்டதும் இந்த மேசைக்கும் நாற்காலிக்கும்தான். அதைவிட அவர்களைக் குடைந்த செய்தி, அவன் அந்தக் காயத்தைப் பெரியவர்களிடம் மறைத்தது. ஏன் மறைத்தான் என்று கேட்டால் பதில்கள் வேகமாக வந்தன: சொன்னால் அந்த ஆசிரியை ஜெயித்ததாகிவிடும், சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள், தலைமையாசிரியருக்கே தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதபோது அவரிடம் போய் எப்படிச் சொல்வது. ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு பள்ளியின் ஏதோ ஒரு வகுப்பறையிலிருந்து வந்தது போலவே எனக்குக் கேட்டது.

ஓர் எல்லையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருண்ட கதையைப் படிப்பதால் ஒரு பிள்ளை இருண்டுபோய்விடும் என்று நான் கருதவில்லை. ஆனால் ஏற்கெனவே துன்பத்தில் இருக்கும் பிள்ளை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பக்கத்தையோ மரணத்தின் பக்கத்தையோ மீண்டும் மீண்டும் திறந்து வைத்துக்கொண்டிருந்தால், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு விளையாட்டாகவேனும் வந்தால், அதற்குப் புத்தக உரையாடல் போதாது. தாமதிக்காமல் மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். மறுபுறம், பதின்பருவக் கோபம் எல்லாவற்றையும் நோயாகப் பார்ப்பதும் பிழை; கோபமே இல்லாத பிள்ளையைச் சந்தேகமாகப் பார்ப்பதும் பிழை. 1904-இல் ஸ்டான்லி ஹால் என்ற உளவியலாளர் இந்தப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமான காலம் என்று எழுதினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் புயல் வீசுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். உணர்ச்சியைத் தூண்டும் மூளைப் பகுதிகள் பதின்பருவத் தொடக்கத்திலேயே வேகம் பிடித்துவிட, நிதானத்துக்குப் பொறுப்பான முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது இன்றைய அறிவியல் சொல்லும் விளக்கம். மூளை அப்படி இருக்க, வெளியிலிருந்தும் ஒரு பிள்ளைக்குச் செய்தி மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐந்தாம் பாகம் நல்ல எடுத்துக்காட்டு.

கோபம் கொள்ளும் பையனை நாயகனாக ஏற்கும் உலகம், கோபம் கொள்ளும் பெண்ணை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. வட்டத்தில் பெண்பிள்ளைகள் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காக நான் எடுத்து வைப்பது உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ வரிசையின் இரண்டாம் நூல், 1971-இல் வெளிவந்தது. குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, பெயரற்ற தெய்வங்களுக்குப் பூசை செய்பவளாக வளர்க்கப்படும் டெனார் என்ற பெண்ணின் கதை அது. பெரும்பகுதி வெளிச்சமே நுழையக் கூடாத நிலத்தடிச் சுரங்கப் பாதைகளில் நடக்கிறது. கடமை என்ற பெயரில் அவள் கைதிகள் மூவரைப் பட்டினி கிடந்து சாகும்படி ஆணையிடுகிறாள். பிறகு அது கனவில் வந்து அவளை வதைக்கிறது. அவளுடைய சினமும் கர்வமும் தனிமையும் சத்தமின்றி எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் பாகத்து நாயகனின் கூச்சல் பொறுக்காத பிள்ளைகள் பலர் டெனாரோடு ஒட்டிக்கொண்டார்கள். அதே வரிசையின் முதல் நூல் 1968-இல் வந்தது. அதில் கெட் என்ற இளைஞன் சக மாணவனிடம் தன் திறமையைக் காட்டிக்கொள்ளும் வீம்பில் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். இறுதியில் அதற்குத் தன் பெயரையே சூட்டித்தான் அதை எதிர்கொள்கிறான். ஏறத்தாழ இருநூறு பக்கங்களில் அடங்கிவிடும் அந்தக் கதை, தடித்த புத்தகத்தைக் கண்டு மலைக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

பிலிப் புல்மனின் தொடர் வேறொரு வாசலைத் திறக்கிறது. 1995-இல் வெளிவந்த அதன் முதல் பாகத்தில், ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் ஒரு விலங்கின் உருவில் அவர் கூடவே நடமாடுகிறது. குழந்தைகளுடையது நொடிக்கு நொடி உருமாறும். பதின்பருவத்தில் ஓர் உருவில் நிலைத்துவிடும். தமக்குச் சிங்கம் வாய்க்க வேண்டும் என்று விரும்பி பூடில் நாய் வாய்த்தவர்களும் உண்டு என்று ஒரு கப்பல் தொழிலாளி கதையின் நாயகியான சிறுமி லைராவிடம் விளக்கும் இடத்தில், வட்டத்தில் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் பேச்சு நீளும். தான் யாராக உறைந்துபோகப் போகிறோம் என்ற பயத்தை நேரடியாகக் கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. உனக்கு எந்த விலங்கு என்று கேட்டால் கொட்டித் தீர்த்துவிடும். அந்த முதல் பாகத்தின் முடிவில், லைரா தன்னையறியாமலே தன் தோழனைச் சாவுக்கு இட்டுச் செல்கிறாள். 2000-இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்க இறந்தவர்களின் உலகுக்கே போகிறாள்.

நல்ல இருளையும் மலிவான இருளையும் பிரித்துப் பார்க்க நான் பயன்படுத்தும் சோதனை இதுவே: ஒரு மரணம் அடுத்த அத்தியாயத்திலும் அடுத்த பாகத்திலும் இருக்கிறதா? செட்ரிக்கின் சாவுக்குப் பிறகு, பள்ளி வண்டிகளை இழுக்கும் எலும்பும் தோலுமான குதிரைகள் ஹாரியின் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. மரணத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும் பிராணிகள் அவை. முந்தைய ஆண்டுகளிலும் அவைதான் இழுத்தன, அவனுக்குத்தான் தெரியவில்லை. நான்காம் பாகத்தின் கடைசியில் ஏன் அவை தெரியவில்லை என்று கூர்மையான வாசகர்கள் கேட்பதுண்டு. மரணம் மனத்தில் பதிந்த பிறகே தெரியும் என்பது ஆசிரியர் தந்த விளக்கம். இப்படி ஒரு சாவு உலகத்தின் தோற்றத்தையே மாற்றிவிடுமானால் அந்த இருள் பொறுப்பானது. பத்துப் பேர் வெட்டுப்பட்டு விழுந்தும் மறுநாள் யாருடைய உணவும் உறக்கமும் மாறவில்லை என்றால், அந்தப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்க நான் தயங்குவேன். இரத்தத்தின் அளவை நான் பார்ப்பதில்லை.

திரைப்படங்களைப் பற்றி ஒன்று மட்டும். தணிக்கைச் சான்றிதழை வைத்துப் புத்தகத்தின் கனத்தை அளவிட வேண்டாம். அமெரிக்காவில் நான்காம் படத்துக்கும் ஐந்தாம் படத்துக்கும் பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் எச்சரிக்கை என்ற தரச்சான்று கிடைத்தது. தலைமையாசிரியரே கொல்லப்படும் ஆறாம் படத்துக்கு அதைவிட மென்மையான சான்று கிடைத்தது. தொடரிலேயே மிக நீளமான ஐந்தாம் புத்தகம் 138 நிமிடப் படமாகச் சுருங்கியபோது, சுருங்கியவற்றில் முதன்மையானது அந்தக் கோபம் வளர்வதற்கு வேண்டிய காலம்.

வட்டத்தில் சிலர் சொந்தமாகவும் எழுதுகிறார்கள். பதினான்கு வயதில் எழுதப்படும் மிகுபுனைவில் கறுப்பு அங்கிகளும் சாபங்களும் கொலைகளும் நிறைந்திருப்பது இயல்பு. அதை நான் குறைக்கச் சொல்வதில்லை. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதுகிறேன்: மறுநாள் காலை அந்த வீட்டில் யார் சமைத்தார்கள்? தம்பியைப் பறிகொடுத்த இளவரசியைப் பற்றி எழுதிய ஒரு பெண், அந்தக் கேள்விக்குப் பதிலாக இரண்டு பக்கங்களைச் சேர்த்துக் கொண்டுவந்தாள். சமையற்காரர் பழக்கதோஷத்தில் தம்பிக்கும் ஒரு தட்டு வைத்துவிடுகிறார். இளவரசி அவரை அரண்மனையே அதிரத் திட்டுகிறாள். பிறகு அந்தத் தட்டை எடுக்கவிடாமல் தடுக்கிறாள். கொலைக் காட்சியைவிட அந்தத் தட்டு எங்களை அதிகம் உலுக்கியது. இன்னொரு பையனின் கதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே இருட்டாக இருந்தது. ஐந்தாம் பாகத்தின் பிற்பகுதியில் இரட்டையர் இருவர் வாணவேடிக்கையால் பள்ளியையே கலக்கி, பிறகு துடைப்பத்தில் ஏறிப் பறந்துபோகும் அத்தியாயங்களை அவனைப் படிக்கச் சொன்னேன். அந்த அத்தியாயங்கள் இல்லாமல் அவற்றின் பின்வரும் மரணத்தை யாராலும் தாங்க முடியாது. அவன் தன் கதையில் ஒரு திருட்டுப் பூனையைச் சேர்த்தான். அது நன்றாகவே பொருந்தியது.

இப்போது வட்டத்தில் நாங்கள் பின்பற்றும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரேனும் முயன்று பார்க்க உதவலாம். பத்து, பதினோரு வயதினர் முதல் மூன்று பாகங்களைத் தாங்களே படித்துவிட்டு வருகிறார்கள். நான்காம் பாகத்தின் கல்லறைத் தோட்டத்து அத்தியாயங்களைக் கூட்டாக வாய்விட்டுப் படிக்கிறோம். அதை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறோம். அதன்பின் தொடரை ஒதுக்கிவைத்துவிட்டு, கெட், டெனார் கதைகளை எடுத்துக்கொள்கிறோம். ஐந்தாம் பாகம் பதின்மூன்றைத் தொட்டவர்களுக்கு, நீண்ட விடுமுறையில், கரும்பலகைக் கோட்டோடு. அதில் பாதியில் நிறுத்திக்கொள்ள விரும்பும் பிள்ளை தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம். கூட்டத்துக்கு வருவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்கிறோம். முப்பத்தேழாம் அத்தியாயத்தைப் படிக்கும் நாளில் விருப்பமுள்ள பெற்றோரும் வந்து பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். அன்று டம்பிள்டோர் பேசும் பகுதியைப் பெரியவர்களில் ஒருவர் படிக்க, ஹாரி பேசும் பகுதியைப் பிள்ளைகளில் ஒருவர் படிக்கிறார்.